சித்தப்பா கொண்டுவந்த கடற்கரைப் படம்: கையால் அடித்த அச்சா, புத்தகத்தில் கிழித்ததா?

கல்லடி_வாசகி கேட்டது

எல்லோருக்கும் வணக்கம். ஜேர்மனியில் இருக்கும் சித்தப்பா இந்த முறை ஊருக்கு வந்தபோது ஒரு படம் கொண்டுவந்தார். இரண்டு காட்போட் மட்டைக்கு நடுவில் வைத்து, பெட்டியில் உடுப்புக்கு அடியில் போட்டு, மடங்காமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பழைய சாமான் சந்தையில் வாங்கியதாம். "கடல் இருந்தது, உங்கட வீட்டுக்குச் சரிவரும்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது.

படத்தைச் சொல்கிறேன். ஏ3 தாளை விடக் கொஞ்சம் சின்னது. தடித்த கறுப்புக் கோடுகள். முன்னால் மணல் மேடு, அதில் மை இல்லை, வெறும் தாள்தான். காற்றில் இடப்பக்கம் சரிந்த ஒரு மரம். மூன்று வள்ளங்கள். ஒவ்வொரு பாய்மரத்தின் உச்சியிலும் சின்ன வீடும் கொடியும் சேர்ந்தது போல ஏதோ ஒன்று. தண்ணீர் முழுக்க கோணல் மாணலான வெட்டுகள். தண்ணீருக்கு மேலே ஒரு சிவப்புச் சூரியன், படத்தில் உள்ள ஒரே நிறம் அதுதான். கீழே பென்சிலில் இடப்பக்கம் 7/30, நடுவில் ஆங்கில எழுத்தில் "நிட்டன்" என்று வாசிக்கலாம், வலப்பக்கம் வாசிக்க முடியாத ஒரு கையெழுத்து.

அப்பா இதை முடிக்காத படம் என்கிறார். அம்மாவுக்குச் சூரியோதயம் பிடித்துவிட்டது, ஹோலில் மாட்டவேண்டும் என்று நிற்கிறார். டவுனில் பிரேம் போடும் ஒருவரிடம் காட்டினேன். வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டால் சின்ன பிரேம் போதும், செலவு குறையும் என்றார். எனக்கு மனம் வரவில்லை, திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

இது கையால் அச்சடித்ததா, புத்தகத்தில் இருந்து எடுத்த பக்கமா? யாருடையது என்று கண்டுபிடிக்க வழி உண்டா? எங்கள் வீடு கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் பக்கம், கடல் காற்று நேரே அடிக்கும். யன்னல் கம்பி எல்லாம் துருப்பிடித்து உதிர்கிறது. இந்த வீட்டில் ஒரு தாளை எப்படி வைத்திருப்பது?

ஏறாவூர்_வாசி

போட்டோ பார்த்தேன் தங்கச்சி. குறை நினைக்காதீர்கள், என் மகன் ஆண்டு 4 இல் இதைவிட நல்லாக வள்ளம் கீறினான். வெளிநாட்டில் இருந்து வந்தால் எல்லாம் கலைதான்!

பாலமீன்மடு_தோணி

படம் நல்லதா கெட்டதா எனக்குத் தெரியாது. வள்ளத்தைப் பற்றிச் சொல்கிறேன். இது கடல் வள்ளம் இல்லை. அடி தட்டையாக இருக்கிறது, அணியம், அதாவது முன்பக்கம், பெரிதாக எழும்பவில்லை. முகத்துவாரத்தில் அலை உடைக்கிற இடத்தில் இதைத் தள்ளினால் முதல் அலையிலேயே கவிழும். ஆழம் குறைந்த தண்ணீரில் ஓட்டுவதற்குக் கட்டியது, எங்கள் வாவித் தோணி மாதிரி. கீறியவர் வள்ளத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். ஆனால் பாய்மர உச்சியில் இருக்கும் அந்தச் சாமான் என்னவென்று எனக்கும் விளங்கவில்லை.

பழைய_ட்றெடில்

மகள், பிரேம் கடையில் இருந்து படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தீர்களே, அதுதான் பெரிய காரியம். அந்த வெள்ளை ஓரமும் பென்சில் எழுத்தும்தான் படத்தின் சாதகக் குறிப்பு. வெட்டினால் பிறகு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

நான் ஓவியன் இல்லை. கல்முனையில் ஒரு சின்ன அச்சகத்தில் ட்றெடில் என்ற கால்மிதி அச்சு மெசின் மிதித்தவன். எழுபதுகளின் கடைசியில் சேர்ந்து, ஓப்செற் அச்சு மெசினும் கொம்பியூட்டரும் வந்து எங்களை வீட்டுக்கு அனுப்பும்வரை அங்கேதான். கலியாணக் காட், மரண அறிவித்தல், பற்றுச்சீட்டுப் புத்தகம், கோயில் நோட்டீஸ். நோட்டீசில் படம் வேண்டுமென்றால் கொழும்பில் சிங்க் புளொக், அதாவது படம் பொறித்த துத்தநாகத் தகடு, செய்வித்து எடுக்கவேண்டும். பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் புளொக் எங்கே வரும்? தரைக்கு விரிக்கும் லினோலியத்தில் ஒரு துண்டு வெட்டி, வெயிலில் வைத்து இளக்கி, சவர பிளேடாலும் குடைக்கம்பியைத் தீட்டிச் செய்த உளியாலும் நானே செதுக்குவேன். மண்டூர்த் திருவிழாவுக்கு வேல், சித்திரைக்குக் கும்பம், இப்படி. ஆகவே வெட்டி அடித்த அச்சு என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு லென்ஸ் தேடுங்கள், இல்லாவிட்டால் போன் கமெராவை நன்றாகக் கிட்டே கொண்டுபோங்கள். கறுப்பும் சிவப்பும் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது ஓப்செற், புத்தகத்துப் பக்கம் அல்லது போஸ்டர். பிரேம் போட்டு மாட்டுங்கள், கவலையே வேண்டாம். புள்ளி இல்லாமல் மை ஒரே படையாக இருந்தால் அடுத்ததைப் பாருங்கள். கோட்டின் விளிம்பில் மை கொஞ்சம் ஒதுங்கி, நடுவை விடக் கறுப்பாக ஒரு கரை கட்டியிருக்கும். மேடான அச்சில் இருந்து அழுத்தி எடுத்தால் மை அப்படித்தான் ஓரத்துக்குப் போகும். ஈய எழுத்திலும் அப்படி, லினோவிலும் அப்படி, மரத்திலும் அப்படி.

லினோவா மரமா என்பதற்குப் பெரிய கறுப்பு இடங்களைப் பாருங்கள். லினோவுக்கு நார் கிடையாது, மை மொழுமொழுவென்று இருக்கும். மரம் என்றால் பலகையின் ரேகை வெள்ளைக் கீற்றாகத் தெரியும். வெட்டும் வேறு மாதிரி. லினோவில் எந்தப் பக்கமும் உளி வழுக்கிக்கொண்டு போகும். பலகையில் ரேகையோடு போனால் சுகம், குறுக்கே போனால் மரம் எதிர்க்கும், சிலாம்பு கிளம்பும். வளைவு கேட்டால் முறிந்த கோடுதான் தரும். உங்கள் படத்தில் தண்ணீர் கோணல் மாணலாக இருப்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

கடைசியாகப் பின்பக்கம். இருட்டு அறையில் தாளைக் கவிழ்த்து வைத்து, ரோச் லைற்றைத் தாளோடு ஒட்டினாற்போலச் சரித்துப் பிடியுங்கள். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். கை கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள், வியர்வைக் கை ஆகாது.

ஏறாவூர்த் தம்பிக்கு ஒன்று: மகன் பென்சிலால் கீறியிருப்பார். அதே வள்ளத்தை ஒரு பலாப்பலகையில், இடம் வலமாக மாற்றி, எது வெள்ளையாக நிற்கவேண்டுமோ அதைச் சீவி எடுத்து, ஒரு கோடு தவறினால் அழிக்க வழியில்லாமல் செய்யச் சொல்லிப் பாருங்கள். நான் ஒரு வேலின் இலையைச் சரியாக எடுக்க எத்தனை லினோத் துண்டைக் குப்பையில் போட்டேன் என்று என் முதலாளிக்குத்தான் தெரியும்.

கல்லடி_வாசகி

ஐயா, மிக்க நன்றி. பக்கத்து வீட்டு அண்ணன் மணிக்கூடு திருத்துகிறவர், அவரிடம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். புள்ளி ஒன்றும் இல்லை. விளிம்பில் கறுப்புக் கரை இருக்கிறது. வலப்பக்க வானத்தில் குறுக்காக மெல்லிய வெள்ளை ரேகைகள் ஓடுகின்றன, நான் இவ்வளவு நாளும் அதை மழை என்று நினைத்தேன். சூரியனின் சிவப்பு கறுப்பு வட்டத்துக்குள் சரியாக உட்காரவில்லை, ஒரு பக்கம் நூலளவு வெளியே வந்திருக்கிறது.

பின்பக்கம்தான் வித்தியாசம். நீங்கள் சொன்ன மாதிரி ரோச் அடித்துப் பார்த்தால் மேடு பள்ளம் பெரிதாக இல்லை. ஆனால் கறுப்பு இருக்கும் இடங்களுக்குப் பின்னால் தாள் மினுங்குகிறது. வட்ட வட்டமாகத் தேய்த்த தடம். தாளும் மெல்லியது, நார் நாராகத் தெரிகிறது. போட்டோ போட்டிருக்கிறேன்.

பழைய_ட்றெடில்

மகள், அது கரண்டி!

சாப்பாட்டுக் கரண்டியின் முதுகுதான், அல்லது அது மாதிரி ஏதாவது வழுவழுப்பான சாமான். மெசின் இல்லாதவன் செய்வது. பலகையில் மை பூசி, மெல்லிய தாளை மேலே விரித்து, கரண்டியால் அங்குலம் அங்குலமாகத் தேய்த்து எடுப்பான். தேய்த்த இடம் மினுங்கும். மெசினில் போட்டிருந்தால் அழுத்தம் ஒரே சீராக விழுந்து பின்பக்கம் எழுத்து மேடு தட்டும், இந்த வட்டத் தடம் வராது. அப்படியென்றால் முப்பது பிரதியும் முப்பது விதமாகத்தான் இருக்கும். உங்கள் ஏழாவதில் சூரியன் நூலளவு விலகியிருக்கிறது, எட்டாவதில் சரியாக விழுந்திருக்கலாம். சிவப்புக்குத் தனிப் பலகை. இரண்டாவது தடவை தாளை விரிக்கும்போது கை அசைந்திருக்கிறது.

நாங்கள் நோட்டீசில் சிவப்பு விலகினால் முதலாளியிடம் ஏச்சு வாங்குவோம். இந்த மனிதர் விலகியதற்குக் கீழே கையெழுத்து வைத்திருக்கிறார். பரவாயில்லை, எனக்கு அது பிடித்திருக்கிறது.

சித்திரமாணவி

நான் கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காண்பியக் கலை படிக்கிறேன். "நிட்டன்" என்று பென்சிலில் இருப்பதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். அது ஓர் ஊரின் பழைய ஜேர்மன் பெயர். இப்போது நிடா என்பார்கள், லித்துவேனியாவில் இருக்கிறது. முதலாம் உலகப் போர் முடியும்வரை ஜேர்மனியின் கிழக்கு எல்லையில் இருந்த மீன்பிடிக் கிராமம்.

அந்த ஊரின் அமைப்பைச் சொன்னால் மட்டக்களப்பாருக்கு உடனே விளங்கும். ஒரு பக்கம் பால்டிக் கடல், மறுபக்கம் பெரிய வாவி, நடுவில் 98 கிலோமீற்றர் நீளத்தில் ஒடுங்கிய மணல் திட்டு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் எழுவான்கரை மாதிரியே. பாலமீன்மடு அண்ணன் சொன்னது சரி, படத்தில் இருப்பவை அந்த வாவியில் ஓடிய தட்டையடி வள்ளங்கள். பாய்மர உச்சியில் இருப்பது மரத்தில் செதுக்கிய கொடி. எந்த ஊர் வள்ளம் என்று தூரத்தில் இருந்தே தெரியவேண்டும் என்று 1844 இல் சட்டம் போட்டார்கள். மீனவர்கள் வெறும் அடையாளத்தோடு நிற்காமல் அதில் வீடு, மரம், மனிதர் என்று செதுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

காட்டை வெட்டியதால் அங்கே மணல் மேடுகள் நகர்ந்து ஊர்களையே மூடியிருக்கின்றன. பிறகு மணலைப் பிடித்து நிறுத்த பைன் மரம் நட்டார்கள், இங்கே கடற்கரையில் சவுக்கு நடுவது போல. சரிந்த மரம் பைனாகத்தான் இருக்கவேண்டும்.

யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். ஓவியர்கள் அந்த ஊருக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்தே வந்துபோனார்கள், பிளோடே என்பவரின் விடுதியில் தங்குவார்கள். கண்டதை அப்படியே கீறாமல் மன உணர்ச்சியை முரட்டுக் கோட்டிலும் நிறத்திலும் காட்டும் எக்ஸ்பிரஷனிசம் அங்கே வந்தது ஓவியர் மக்ஸ் பெக்ஸ்டைனோடு. அவர் 1909 இல் முதல் தடவை போய், அதன் பிறகு திரும்பத் திரும்பப் போனார். கார்ல் ஷ்மிட் ரொட்லுப் 1913 கோடையில் போனார். இரண்டு பேரும் 'புரூக்கே' என்ற குழு. 1905 இல் டிரெஸ்டன் நகரத்தில் கட்டடக்கலை மாணவர்கள் நால்வர் தொடங்கியது, 1913 இல் கலைந்துவிட்டது. ட்றெடில் ஐயாவுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி: 1906 இல் அவர்களின் கொள்கை அறிக்கையையே, தொடங்கிய நால்வரில் ஒருவரான கிர்ச்னர் மரத்தில் எழுத்து எழுத்தாகச் செதுக்கி அச்சடித்தார்.

அவர்களுக்கு முன் மரச்செதுக்கு என்றால் பேனாவால் கீறிய மாதிரி நுணுக்கமாக வெட்டுவதுதான் திறமை. கோகன், முங்க் என்ற இரண்டு ஓவியர்கள் அதை மாற்றினார்கள். நோர்வேக்காரரான முங்க் கடற்கரைக் காட்சிகளில் பலகையின் ரேகையை அப்படியே விட்டார், பலகையைத் துண்டு துண்டாக அறுத்து ஒவ்வொன்றுக்கும் வேறு நிறம் பூசிப் பொருத்தி ஒரே அடியில் அச்சிட்டார். புரூக்கே இளைஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் முரட்டுத்தனமாகப் போனார்கள். உங்கள் படம் அந்த வழியில் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அக்கா, பெக்ஸ்டைன் கையெழுத்தும் ஷ்மிட் ரொட்லுப் கையெழுத்தும் வாசிக்கக்கூடியவை, இது அவை இரண்டும் இல்லை. அந்தக் காலத்தில் அவர்கள் 7/30 என்று ஒழுங்காக எண் போடுகிறவர்களும் இல்லை. அவர்களைப் பார்த்து, அதே ஊரில், பிறகு வந்த யாரோ ஒருவர் வெட்டியிருக்கலாம்.

அம்மாவின் சூரியோதயம் சரி என்றுதான் நினைக்கிறேன். நிடா ஊர் வாவிப் பக்கம் கிழக்குப் பார்த்து இருக்கிறது. சூரியன் எழும் பக்கம்தானே எழுவான்; நமக்கு எழுவான் என்றால் கடல், அவர்களுக்கு எழுவான் என்றால் வாவி. இவை வாவி வள்ளங்கள் என்றபடியால் அது காலைச் சூரியன்.

பாலமீன்மடு_தோணி

அப்ப அவர்களுக்குச் சூரியன் படும் பக்கம், படுவான்கரையில் கடல்! பின்னேரம் வலைக்குப் போகிறவனுக்கு முகத்தில் வெயில். பாவம்.

பழைய_ட்றெடில்

சித்திரமாணவி மகள், அறிக்கையை மரத்தில் வெட்டினார் என்று வாசித்து நான் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை. ஈய எழுத்து கோர்க்கிறவனுக்கே கண்ணாடியில் பார்த்த மாதிரித் தலைகீழாக வாசிக்கப் பழக மாதக்கணக்கு. அதை ஒரு பக்கம் முழுக்க மரத்தில் செதுக்குவது என்றால் பைத்தியம்தான், நல்ல பைத்தியம். எங்கள் அச்சகத்துக்கு வந்திருந்தால் வேலை கொடுத்திருப்போம்.

வாசகி மகள், அந்த இடம் வலம் உங்கள் படத்திலும் இருக்கிறது. இணையத்தில் நிடா மணல் மேட்டின் போட்டோவை எடுத்து ஒப்பிடப் பார்த்தால் பொருந்தாமல் போகலாம். நேரே பார்த்து நேரே பலகையில் வெட்டியிருந்தால் அச்சில் எல்லாம் மாறியிருக்கும். படத்தை ஒரு கண்ணாடிக்கு முன்னால் பிடித்துவிட்டு ஒப்பிடுங்கள். மரம் வலப்பக்கம் சரியும்.

இனி மாட்டுகிற விசயம். ஹோல் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கடல் பார்த்த யன்னலுக்கு எதிர்ச் சுவர் கட்டாயம் வேண்டாம். கச்சான் அடிக்கும் காலத்தில் சுவர் காய்ந்து கிடக்கும், மாரியில் அதே சுவர் வேர்க்கும். தாள் ஊதும், சுருங்கும், பிறகு பழுப்புப் புள்ளி விழும். மழை படாத உள்சுவர் பாருங்கள், நேர் வெயில் படாத இடம். சிவப்பு மைக்கு வெயில் எமன், எங்கள் கலியாணக் காட்டுகள் யன்னலோரத்தில் எப்படி வெளிறும் என்று பார்த்திருக்கிறேன்.

பிரேம் கடைக்காரரிடம் நீங்கள் கேட்கவேண்டியது கொஞ்சம்தான், ஆனால் பக்கத்தில் நின்று செய்வியுங்கள். கம் பூசி மட்டையில் ஒட்டவே கூடாது. செலோரேப்பும் கூடாது, அது மஞ்சளாகி எண்ணெய் இறங்கித் தாளோடு போகும். அசிட் இல்லாத மட்டை கொழும்பில் ஓவியச் சாமான் கடைகளில் கிடைக்கும், சித்தப்பா அடுத்த முறை வரும்போது கொண்டுவந்தாலும் சரி. தாளை மேல் ஓரத்தில் மட்டும், மெல்லிய யப்பான் தாளில் இரண்டு சின்னப் பட்டி வெட்டி, கோதுமை மாப்பசையால் தொங்கவிடவேண்டும். பசை கொஞ்சமாகப் போதும். மாப்பசை என்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பென்சில் எழுத்து முழுக்க வெளியே தெரியும்படி மேல்மட்டையில் சன்னல் வெட்டச் சொல்லுங்கள். கண்ணாடி தாளில் முட்டக்கூடாது, மேல்மட்டை அந்த இடைவெளியைத் தரும். பின்னால் கீழ் இரண்டு மூலையிலும் சின்ன றப்பர்த் துண்டு ஒட்டிவிட்டால் சுவருக்கும் பிரேமுக்கும் இடையில் காற்று போய்வரும். மாரி முடியும் நேரத்தில் ஒருமுறை இறக்கிப் பின்பக்கம் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கறையானையும் பாருங்கள்.

விலை எவ்வளவு போகும் என்று நீங்கள் கேட்கவில்லை. அதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

ஏறாவூர்_வாசி

ஐயா ஏசியதால் மகனுக்கு ஒரு பழைய ரப்பர் செருப்பின் அடியைக் கொடுத்து வெட்டச் சொன்னேன். வள்ளம் வந்தது, ஆனால் அவன் பெயர் தலைகீழாக வந்தது. இப்போது வீட்டுச் சுவர் எல்லாம் மை.

பழைய_ட்றெடில்

செருப்படி நல்ல யோசனை தம்பி, நாங்கள் நினைக்கவில்லை. பெயரை மெல்லிய தாளில் எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்துப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். சுவருக்கு மண்ணெண்ணெய்.

கல்லடி_வாசகி

எல்லோருக்கும் நன்றி. அம்மா ஹோலை விட்டுக்கொடுத்துவிட்டார், நடு அறையின் உள்சுவர் முடிவாகியிருக்கிறது. வாவி என்றாலும் பரவாயில்லை, சூரியன் எழும்புகிறதுதானே என்கிறார். மட்டைக்குச் சித்தப்பாவிடம் சொல்லியாகிவிட்டது.

சித்தப்பா இன்னொன்றும் சொன்னார். அதே ஆளிடம் இதே மாதிரிக் கறுப்புப் படம் இன்னொன்று இருந்ததாம், மணலில் வலை விரித்து ஒரு மனிதன் பறவைகளோடு இருப்பது. வள்ளம் இல்லையே என்று விட்டுவிட்டாராம்.

சித்திரமாணவி

ஐயோ அக்கா! அது காகமாக இருக்கும். நிடாப் பக்கம் அந்தக் காலத்தில் வலை போட்டுக் காகம் பிடித்தார்கள், உப்புப் போட்டு வைத்து மாரிக்குச் சாப்பிட்டார்கள். கையெழுத்து இதே கையெழுத்தா என்று சித்தப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறதா? அடுத்த ஞாயிறு அவரை அங்கே ஒருதரம் போகச் சொல்லுங்கள்.

பாலமீன்மடு_தோணி

காகமா?